'மென்பொருள் கோளாறு' என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஒரு நகராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். பழைய பிறப்புப் பதிவேடுகளைப் பார்த்து எக்செல்லில் அடித்து, அப்புறம் மொத்தமாகக் கணினியில் ஏற்றும் வேலையைப் போன வருடம் எங்கள் பிரிவு செய்தது. அதிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு சான்றிதழில் இரண்டு தவறுகள். பதிவேட்டில் 7-3-1998 என்று இருப்பது 3-7-1998 என்று வந்திருக்கிறது. தாயார் பெயர் வள்ளி; அது வல்லி ஆகியிருக்கிறது. அந்தப் பையன் பாஸ்போர்ட்டுக்குப் போன இடத்தில், பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புகார் மேலே போய், விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்திருக்கிறது. எங்கள் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். "மென்பொருள் கோளாறுன்னு ரெண்டு வரி எழுதிக் கொடும்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. அதோட முடிஞ்சிடும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. உண்மையை எழுதினால் பதவி உயர்வுக்கு இடைஞ்சல் வருமோ என்ற பயமும் இருக்கிறது. என்ன எழுதட்டும் ஐயா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கம் எழுத உங்களுக்குச் சில நாள் அவகாசம் இருக்கும். அந்தப் பையனுக்கு அது கிடையாது. ஆகையால் முதலில் அவர் வேலையை முடியுங்கள். மூலப் பதிவேட்டில் தேதியும் பெயரும் சரியாகவே இருக்கின்றன என்கிறீர்கள். அது பெரிய ஆறுதல். பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, திருத்தத்துக்கான குறிப்போடு பதிவாளரிடம் இன்றைக்கே வையுங்கள். அந்தப் பையனை மறுபடி விண்ணப்பம் எழுது, உறுதிமொழிப் பத்திரம் கொண்டுவா, நோட்டரி கையெழுத்து வாங்கிவா என்று அலைய விடாதீர்கள். தவறு நடந்தது அலுவலகத்தில். அதற்கான செலவை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இப்போது விளக்கத்துக்கு வருகிறேன். கண்காணிப்பாளர் சொல்கிற இரண்டு வரியை எழுதாதீர்கள். எழுதக்கூடாது என்பதற்கு நேர்மை ஒரு காரணம். அதை நீங்களே உணர்ந்திருக்கிறீர்கள். நான் வேறு காரணங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் அவரிடம் நீங்கள் பேசும்போது அவைதான் கைகொடுக்கும்.

உங்கள் சான்றிதழில் உள்ள இரண்டு தவறுகளும் ஒரே ரகம் அல்ல. ஒன்று உண்மையிலேயே கணினியால் வந்திருக்கலாம். இன்னொன்று நிச்சயமாக அப்படி வந்ததில்லை. இரண்டையும் 'மென்பொருள் கோளாறு' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டால், நிஜமான கோளாறும் அதற்குள்ளேயே புதைந்துபோகும்.

தேதியை எடுத்துக்கொள்வோம். கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், அது மாதத்தை முதலிலும் நாளை அடுத்ததாகவும் வாசிக்கும். நீங்கள் 7-3-1998 என்று அடித்தால் எக்செல் அதை ஜூலை 3 என்று புரிந்துகொள்ளும். திரையில் 7/3/1998 என்றே காட்டும். அதனால் உங்கள் கண்ணுக்குத் தப்பு தெரியாது. நாளை முதலில் எழுதும் நம் ஊர் முறைப்படி அமைந்த இன்னொரு மென்பொருளுக்குள் அந்தத் தாள் போகும்போதுதான் 3-7-1998 என்று வெளியே வரும். ஆனால் 25-3-1998 என்று அடித்திருந்தால் எக்செல்லால் அதைத் தேதியாகவே எடுக்க முடியாது, ஏனென்றால் இருபத்தைந்தாவது மாதம் என்று ஒன்று இல்லை. அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய சோதனை எளிது. நீங்கள் அடித்த அந்த எக்செல் தாளைத் திறந்து, தேதி இருக்கும் நெடுவரிசையை மேலிருந்து கீழாகப் பாருங்கள். நீங்கள் எதுவும் மாற்றாமல் விட்டிருந்தால், எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டவை கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாக விட்டவை இடப்பக்கம் ஒட்டி நிற்கும். 1 முதல் 12 வரையுள்ள நாட்கள் எல்லாம் வலப்பக்கமும், 12-க்கு மேற்பட்டவை எல்லாம் இடப்பக்கமும் நின்றால் சந்தேகமே வேண்டாம், தேதி அமைப்பின் வேலைதான் அது. அப்புறம் ஏற்றிய பதிவுகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்து மூலப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். 4-9 என்பது 9-4 ஆகவும், 11-2 என்பது 2-11 ஆகவும் வரிசையாக மாறியிருந்தால், இந்தப் பையனோடு சேர்த்து இன்னும் எத்தனையோ பேருடைய பிறந்த தேதி உங்கள் கணினியில் தப்பாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அவர்கள் யாருக்கும் இன்னும் தெரியாது. ஒவ்வொருவரும் தனக்கு ஒரு தேவை வரும் நாளில், வரிசையில் நின்று, கவுன்ட்டர் முன்னால்தான் அதைக் கண்டுபிடிப்பார்கள்.

இதற்கு மாறாக, மற்ற தேதிகள் எல்லாம் சரியாக இருந்து இந்த ஒன்று மட்டும் மாறியிருந்தால், அது கையால் வந்தது. மென்பொருள் தவறு செய்தால் ஒரே மாதிரி, அந்த நிலைமை வரும்போதெல்லாம் செய்யும். நடுவில் ஒரே ஒருவருக்கு மட்டும் செய்யாது.

எக்செல்லின் இந்தத் தேதிப் பழக்கம் உலகம் முழுக்க ஆட்களைப் படுத்தியிருக்கிறது. மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்2 என்றெல்லாம் சுருக்கப் பெயர்கள் இருந்தன. தாளில் அடித்தவுடன் அவை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாகிவிடும். நூற்றுக்கணக்கில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளில் இந்தத் தவறு இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கடைசியில் 2020-இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். கோளாறு இன்னது, இந்த இடத்தில், இப்படி வருகிறது என்று யாரோ உட்கார்ந்து எழுதிவைத்ததால்தான் அது நடந்தது. 'சிஸ்டம் மிஸ்டேக்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் இன்னும் அப்படியே இருந்திருக்கும்.

இனி வள்ளி. இதில் கணினிக்குப் பங்கில்லை. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழ் வரவழைக்கும் முறையில் நீங்கள் தட்டச்சு செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த முறைகளில் சாதாரண எல் அடித்தால் ல வரும். ள வேண்டுமானால் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும், அல்லது கீழே காட்டும் பட்டியலிலிருந்து சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்டதைத்தான் மென்பொருள் கொடுத்திருக்கிறது. வள்ளி, வல்லி இரண்டுமே பெயராக இருக்கக்கூடியவை என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போடாது. கண்ணன் கன்னன் ஆவதும், மணி மனி ஆவதும், பழனி பளனி ஆவதும் இந்த வழியில்தான். தமிழ்99 விசைப்பலகையில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் தனித்தனி விசை இருப்பதால் இந்த வகைத் தவறு குறையும். பெயர்களாகவே அடிக்கும் பிரிவில் இருக்கிறவர்கள் அதைப் பழகிக்கொள்வது நல்லது.

இதை நீங்கள் தனியாகச் செய்த தவறு என்றும் நான் நினைக்கவில்லை. அடித்தவர் நீங்கள். ஆனால் சரிபார்த்தவர் யார்? சரிபார்த்தார்களா? முன்பெல்லாம் தட்டச்சு செய்த சுத்த நகலை வரைவோடு ஒப்பிடாமல் கையெழுத்துக்கு அனுப்ப மாட்டார்கள். ஒருவர் வாசிப்பார், ஒருவர் நகலைப் பார்த்துக்கொண்டே வருவார். தமிழ்நாட்டு நீதிமன்றங்களின் நகல் பிரிவில் வாசிப்பதற்கும் ஒப்பிடுவதற்கும் தனித்தனிப் பணியிடங்களே உண்டு. கணினி வந்தபிறகு பல அலுவலகங்களில் இந்த ஒப்பிடும் வேலை சத்தமில்லாமல் மறைந்துவிட்டது. அடித்தது திரையில் அழகாகத் தெரிகிறது, கட்டம் கட்டமாக அச்சாகிறது, கீழே மின்கையொப்பம் விழுகிறது. பார்ப்பதற்குச் சுத்தமாக இருப்பதே சரியாக இருப்பதற்கு உத்தரவாதம் என்ற எண்ணம் எப்படியோ வந்துவிட்டது. என் கணிப்பில், இன்றைய அரசு ஆவணங்களில் வருகிற எழுத்துப் பிழைகளுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பிழைக்கு எந்தக் காலத்திலும் ஒரு சாக்கு இருந்திருக்கிறது. அச்சுக் கோத்த காலத்தில் அச்சுப் பிழை, தட்டச்சுக் காலத்தில் டைப்பிங் மிஸ்டேக், இப்போது கம்ப்யூட்டர். ஆனால் அந்த நாளைய தமிழ்ப் புத்தகங்களைப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் 'பிழை, திருத்தம்' என்று பட்டியல் போட்டு, எந்தப் பக்கம், எந்த வரி, எது தவறு, எது சரி என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலால் எந்தப் புத்தகத்துக்கும் மரியாதை குறைந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

உங்கள் துறையின் சட்டமே இதைத்தான் சொல்கிறது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். பதிவில் பிழை இருப்பது உறுதியானால், பதிவாளர் பழைய பதிவில் கை வைக்காமல், ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். எது தவறாக இருந்தது, யார் திருத்தினார், என்றைக்குத் திருத்தினார் என்ற மூன்றும் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் விஷயத்தில் மூலப் பதிவேடு சரியாக இருப்பதால் இந்தப் பிரிவு நேரடியாகத் தேவைப்படாது. ஆனால் உங்கள் விளக்கத்தை அதே முறையில் எழுதலாம்.

இப்படி:

"பார்வையில் கண்ட குறிப்பாணை தொடர்பாகப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. 1998-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவேட்டை உள்ளீடு செய்தபோது, தாயார் பெயரை 'வள்ளி' என்பதற்குப் பதிலாக 'வல்லி' எனத் தவறாக உள்ளீடு செய்துவிட்டேன். உள்ளீட்டுக்குப் பின் மூலப் பதிவேட்டோடு ஒப்பிடும் பணி நடைபெறாததால் இது கண்டறியப்படவில்லை. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியுள்ளன. அதே தொகுப்பில் 12-ஆம் தேதிக்கு உட்பட்ட பிற பதிவுகளிலும் இந்த மாற்றம் காணப்படுவதால், கணினியின் தேதி அமைப்பு காரணம் எனத் தெரிகிறது. பாதிக்கப்பட்ட பதிவுகளின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. மனுதாரருக்குத் திருத்திய சான்றிதழ் வழங்க நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது."

மூன்றாவது வாக்கியமும், தேதி பற்றிய காரணமும் உங்கள் சோதனையில் உண்மை என்று தெரிந்தால் மட்டும் இருக்கட்டும். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். பட்டியலை இணைப்பதுதான் இதில் முக்கியம். குற்றம் சாட்டப்பட்டவரின் சமாதானமாக இருந்திருக்க வேண்டிய தாள், அதனால் அலுவலகத்துக்கே பயன்படும் தாளாக மாறிவிடும். இதைப் படிக்கும் எந்த அதிகாரிக்கும் முதலில் தோன்றுவது 'மற்ற பதிவுகளைச் சரிசெய்ய வேண்டுமே' என்பதாகத்தான் இருக்கும். உங்களைக் கண்டிக்க மாட்டார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஒரு எச்சரிக்கை வரலாம். ஆனால் பொய்யான காரணத்தை எழுதி அது வெளிப்பட்டால் வருவது அதைவிட மோசமானது. வெளிப்படவும் செய்யும். இப்படிப்பட்ட மென்பொருள்களில் பெரும்பாலும் எந்தப் பயனர், எந்த நேரத்தில், எதை ஏற்றினார் என்ற பதிவு இருக்கும். 'மென்பொருள் கோளாறு' என்று கோப்பில் ஏறியதும், பராமரிக்கும் குழுவிடம் அறிக்கை கேட்பார்கள். அவர்கள் அந்தப் பதிவைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கண்காணிப்பாளரிடம் இதைச் சொல்லுங்கள். "சார், அப்படி எழுதினா எந்த மென்பொருள், என்ன கோளாறுன்னு அடுத்த குறிப்பாணை உங்க பேருக்கே வரும்" என்று பதமாகச் சொன்னால் அவருக்குப் புரியும்.

இன்னொன்றும் அவரிடம் சொல்ல வேண்டும். இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். பொய்யாகக் கணினியைக் குற்றம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டால், ஒருவர் நிஜமாகவே கணினியால் பாதிக்கப்பட்டு நிற்கும்போது யாரும் நம்ப மாட்டார்கள். இங்கிலாந்தில் அஞ்சல் துறை 1999-இல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. கிளை அஞ்சலகங்களை நடத்தியவர்களின் கணக்கில், இல்லாத பற்றாக்குறையை அது காட்டியது. "நாங்கள் எடுக்கவில்லை, மென்பொருளில்தான் ஏதோ தப்பு" என்று அவர்கள் வருஷக்கணக்காகச் சொன்னார்கள். சாக்குச் சொல்கிறார்கள் என்றே மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 2019-இல்தான் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெரும்பாலானோரின் தண்டனையை நீக்க 2024-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

கணினி எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை என்பது இதிலிருந்தே தெரியும். 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர், ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரத்தில் ஸ்கேன் செய்து பார்த்தபோது, மூன்று அறைகளுக்கும் 14.13 சதுர மீட்டர் என்று ஒரே அளவு வந்தது. மூலத்தில் அவை 14.13, 21.11, 17.42. கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோலத் தெரியும் துண்டுகளை இயந்திரம் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வைத்துவிட்டிருந்தது. எண் மங்கவில்லை, கலங்கவில்லை. தெளிவான, தவறான எண். பெரிய அறையும் சின்ன அறையும் ஒரே அளவாக இருக்க முடியாதே என்று மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் அது வெளியே வந்தது. நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது. அந்த இயந்திரப் பிழையைப் பிடித்ததும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய வேலைதான்.

திருத்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. சான்றிதழை மாற்றிக் கொடுத்ததோடு நிற்காதீர்கள். தப்பான தேதி வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பாருங்கள். 2009-இல் பிரிட்டனின் நிறுவனப் பதிவகத்தில், மூடப்படும் நிலையில் இருந்த டெய்லர் அண்ட் சன் என்ற கம்பெனியின் ஆணையை, டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற நூற்றாண்டு கடந்த வேறொரு கம்பெனியின் பெயரில் ஏற்றிவிட்டார்கள். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். சில நாட்களில் திருத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள் தகவல் கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்குப் போய்விட்டது. பொருள் கொடுப்பவர்கள் கடன் தர மறுத்தார்கள், கம்பெனி நொடித்தது, ஏராளமானோர் வேலை இழந்தார்கள். பதிவகம்தான் பொறுப்பு என்று 2015-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் பதிவிலிருந்து வேறு துறைக்கோ இணையத் தேடலுக்கோ விவரம் போகிறதா என்று கேட்டு, அங்கேயும் மாறிவிட்டதா என்று பார்த்த பிறகே கோப்பை முடியுங்கள்.

இனி வருகிற பதிவேடுகளுக்கு: இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் மூலப் பதிவேட்டைக் கையில் வைத்து வாசிக்கட்டும், மற்றவர் அச்சிட்ட தாளில் பார்க்கட்டும். திரையில் வேண்டாம், அடித்தவரே பார்க்கவும் வேண்டாம், அவர் கண் தான் நினைத்ததைத்தான் வாசிக்கும். நம்மில் பலர் ல, ள, ழ மூன்றையும் ஒன்றுபோல உச்சரிப்பதால், 'வள்ளி' என்று வாசித்தால் போதாது. 'பெரிய ள' என்று சொல்ல வேண்டும். மூணு சுழி ண, ரெண்டு சுழி ன, வல்லின ற, இடையின ர என்று பள்ளிக்கூடத்தில் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 7 மார்ச் 1998 என்று இருப்பதை எந்த மென்பொருளும் ஜூலை ஆக்க முடியாது. கையெழுத்துப் பதிவேடுகளில் 1-க்கும் 7-க்கும், 5-க்கும் 6-க்கும் சந்தேகம் வந்தால் ஊகித்து அடிக்காமல் தனியாகக் குறித்து வைத்து, பதிவாளரைக் கேளுங்கள். சரிபார்த்த ஒவ்வொரு தாளின் அடியிலும் இருவரும் சுருக்கொப்பம் போடுங்கள்.

இதற்கு ஆள் இல்லை, நேரம் இல்லை என்று பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கும். அப்படியானால் அதையும் எழுதுங்கள், ஆனால் விளக்கத்தில் அல்ல, தனிக் குறிப்பாக. நாளொன்றுக்கு இத்தனை பதிவுகள் அடிக்கிறோம், ஒப்பிட ஆள் இல்லை, ஒருவர் வேண்டும் என்று எண்ணிக்கையோடு கேளுங்கள். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆவணம். பள்ளியில் சேர, ஓட்டுநர் உரிமம் வாங்க, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க, திருமணத்தைப் பதிய, அரசு வேலைக்குப் போக எல்லாவற்றுக்கும் அதைத்தான் காட்ட வேண்டும். உங்கள் பிரிவில் விழும் ஒரு எழுத்து இனிமேல் முன்னைவிட அதிக தூரம் போகும். இந்தக் காரணத்தைச் சொல்லி ஆள் கேட்டால் மேலே உள்ளவர்களால் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் கண்காணிப்பாளர் சம்மதிக்கவில்லை என்றால் அவரோடு வாதாட வேண்டாம். விளக்கம் உங்கள் பெயரில் கேட்கப்பட்டிருக்கிறது. எழுத வேண்டியதும் நீங்கள்தான். நீங்கள் உண்மை என்று அறிந்ததை எழுதி, பட்டியலை இணைத்து, உரிய வழியாகவே அனுப்புங்கள். தபால் பிரிவில் கொடுத்துப் பெற்றதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய சான்றிதழ் கையெழுத்தாவதற்கு முன் அந்தப் பையனையும் முடிந்தால் அவர் அம்மாவையும் வரச்சொல்லி, வரைவைக் காட்டி, பெயரை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.